நாங்களும் நாமும்

தமிழ்மொழி பெற்றுள்ள நுண்ணிய செல்வங்களுள் ஒன்று அதன் தன்மைப் பன்மை. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒரே சொல்லாற் குறிக்கப்படும் பொருளைத் தமிழ் இரண்டு சொற்களாற் கூறுகின்றது. கேட்பவனையும் உளப்படுத்திப் பேசுங்கால் ‘நாம்’ என்கின்றோம். அவனை விலக்கிப் பேசுங்கால் ‘நாங்கள்’ என்கின்றோம். ‘நாம் கோயிலுக்குப் போவோம்’ என்பது அழைப்பு; ‘நாங்கள் கோயிலுக்குப் போகின்றோம்’ என்பது அறிவிப்பு. முன்னது கதவைத் திறக்கின்றது. பின்னது கதவைச் சாத்துகின்றது. யாழ்ப்பாணப் பேச்சு வழக்கிலே இவ்வேறுபாடு பெரும்பாலும் மங்கி, ஈரிடத்தும் ‘நாங்கள்’ என்றே வழங்கிவருகின்றது. மொழியில் நேர்ந்தது வாழ்விலும் நேர்ந்துவிட்டதோ என்னும் ஐயமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

மனிதன் வயிற்றுப் பசிக்கு உணவைத் தேடுவது போலவே மனப்பசிக்குச் சுற்றத்தைத் தேடுகின்றான். இன்ன ஊரான், இன்ன சமயத்தான், இன்ன மொழியான், இன்ன பள்ளியிற் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாதவன், உலகில் நிற்க இடமில்லாதவன் போலக் கலங்குகின்றான். பல்லாண்டுகளுக்கு முன் கல்லூரியை விட்டு நீங்கியவர்கள் கடல்கடந்த நாடுகளில் இருந்துகொண்டும் பழைய மாணவர் சங்கத்துக்குச் சந்தா அனுப்புவதும், விழா மலர் எப்பொழுது வரும் என்று கேட்டெழுதுவதும் இவ்வேட்கையினாலன்றோ? ஆதலின் இதனை இழிந்த குணம் என்று ஒதுக்குதல் பேதைமை. தாய்ப்பாசம் எவ்வாறு இயற்கையோ, அவ்வாறே சுற்றப்பாசமும் இயற்கை.

ஆயின், இயற்கையானவை அனைத்தும் தீங்கற்றவை அல்ல. போலந்து நாட்டிற் பிறந்த யூதரும், தம் குடும்பத்தாரை நாற்சி ஆட்சியின் கொலைக் கொடுமைக்குப் பறிகொடுத்தவருமாகிய ஹென்றி தாஜ்வெல் என்னும் உளவியலறிஞர், 1970 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரிலே பள்ளிச் சிறுவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். இருவகை ஓவியங்களைக் காட்டி, ‘நீ இன்ன ஓவியரை விரும்பும் கூட்டத்தைச் சேர்ந்தவன்’ என்று ஒவ்வொரு சிறுவனுக்கும் சொல்லப்பட்டது. தன் கூட்டத்திலே வேறு யார் இருக்கின்றார் என்பதும் அவனுக்குத் தெரியாது. பின்னர்ப் பணத்தைப் பங்கிடச் சொன்னபொழுது, சிறுவர்கள் முகமறியாத தம் கூட்டத்தாருக்கு மிகுதியாகக் கொடுத்தனர். தம்மவர் பெறும் தொகை சிறிது குறைந்தாலும், மற்றவரைவிட மிகுதியாய் இருத்தல் வேண்டும் என்றே அவர்கள் விரும்பினர். பகையோ பழைய வழக்கோ இன்றி, வெறும் பெயர் ஒன்றினாலேயே இவ்வளவு வேற்றுமை பிறக்குமாயின், நானூறு ஐந்நூறு ஆண்டு வரலாற்றோடு கூடிய பெயர்கள் என்ன செய்யா!

அவை என்ன செய்யும் என்பதை அறிய நாம் பிறநாடு செல்ல வேண்டுவதில்லை. மன்னார்த் தீவும் அதற்கெதிரே கிடக்கும் மாதோட்டக் கரையும் போதும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இக்கரையில் உள்ளது. அனுராதபுர அரசின் காலத்தில் மேலைக்கடல் வணிகரும் கீழைக்கடல் வணிகரும் வந்துகூடிய மாதோட்டத் துறைமுகம் இக்கரையில் இருந்தது. அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதென்று சொல்லப்படும் பெருக்கமரம் பள்ளிமுனையில் இன்றும் நிற்கின்றது. சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள் ஆகிய முத்திறத்தாரும் தமிழையே வீட்டுமொழியாகக் கொண்டு அருகருகே வாழும் நிலம் இது. இங்கே ஒவ்வொரு கூட்டத்தாரின் நெஞ்சிலும் ஒவ்வொரு வடு உண்டு. ஒவ்வொன்றும் உண்மையான வடு. ஆனால் ஒருவர் வடுவை மற்றவர் அறியார் என்பதே இங்குள்ள குறை.

கத்தோலிக்கரின் வடு 1544 ஆம் ஆண்டினது. புனித பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவர் மன்னாருக்கு வந்து மக்கள் பலருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அச்செய்தி கேட்ட யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையோடு வந்து, மதம்மாறியோருள் ஏறத்தாழ அறுநூறு பேரைக் கொல்வித்தான். அந்நாளிலே மதமாற்றம் என்பது அரச விசுவாச மாற்றமாகவும் கொள்ளப்பட்டது. சிலுவையைப் பின்தொடர்ந்து போர்த்துக்கேயரின் கப்பல் வரும் என்று மன்னன் அஞ்சியது முற்றிலும் பிழையென்று கூறவும் இயலாது. ஆயினும் கொல்லப்பட்டோர் கப்பலோட்டி வந்த அந்நியர் அல்லர், அவன் குடிமக்களே. தோட்டவெளியிலே அவர்கள் நினைவாக மறைசாட்சிகளின் ஆலயம் உண்டு. சங்கிலியை வீரனாகப் போற்றும் நம்மவருள் எத்தனை பேர் தோட்டவெளியை மிதித்திருக்கின்றனர்?

சைவரின் வடு அதற்குப் பிற்பட்டது. 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். அவர்கள் காலத்திலே திருக்கேதீச்சரம் தரைமட்டமாயிற்று. கோயிற் கற்கள் கோட்டைச் சுவராயின என்பது வழிவழி வரும் செய்தி. பாடல்பெற்ற தலம் ஒன்று முந்நூறு ஆண்டுகளாகக் காடு மூடிக் கிடந்தது. நாவலர் பெருமான் 1872 இல் அத்தலத்தை நினைவூட்டி எழுதினார். 1893 இல் சைவ மக்கள் அந்நிலத்தை விலைகொடுத்து வாங்கினர். 1903 இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. 1948 இல் திருப்பணிச் சபை தோன்ற, சேர் கந்தையா வைத்தியநாதன் அதன் பொறுப்பைத் தம் வாழ்நாட் கடமையாக ஏற்றார். பின்னர்ப் போர்க்காலத்தில் மீண்டும் வழிபாடு தடைப்பட்டது. இந்திய அரசின் உதவியோடு கருங்கற் றிருப்பணி நிறைவேறி, 2022 யூலை 6 ஆம் நாள் மீண்டும் குடமுழுக்கு நடைபெற்றது. நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட இக்கதையைச் சைவப் பிள்ளைகள் பெரும்பாலும் அறிவர்.

அவர்கள் அறியாத இன்னொரு பகுதி உண்டு. 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றியதும், கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோயிலை இடித்தவர்களின் சமயத்தாரே இப்பொழுது ஒளிந்து வழிபட வேண்டியவராயினர். மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவத்தை இருபது குடும்பத்தினர் 1670 ஆம் ஆண்டளவில் எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் ஓடினர் என்பது மரபு. அதுவே இன்றைய மருதமடுத் திருப்பதியின் தொடக்கம். அக்காட்டிலே தமிழரும் சிங்களவரும் ஒருங்கே முழந்தாளிடுகின்றனர். இந்துக்களும் பௌத்தர்களுங்கூட நேர்த்தி வைத்துச் செல்கின்றனர். 1999 நவம்பரில் அங்கே தஞ்சமடைந்திருந்த அகதிகள் எறிகணை வீச்சில் மாண்டனர். 2008 இல் போர் நெருங்கியபொழுது அத்திருவுருவம் மீண்டும் இடம்பெயர்ந்து, சில மாதங்களின் பின் திரும்பிற்று. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே வந்து மன்றாடினார். இடிக்கப்பட்ட கோயிலுக்கும், காட்டில் ஒளித்த மாதாவுக்கும் பிறப்பிடம் ஒரே மாந்தைக் கரை என்பதை எண்ணுந்தோறும் வியப்பு மேலிடுகின்றது. அதிகாரம் வந்து ஒரு கூட்டத்தை மற்றக் கூட்டத்தின்மேல் ஏற்றி வைத்தது. பின்னர் அதனையும் இறக்கிற்று. ஏறியவர்களும் இறங்கியவர்களும் அயலவராகவே எஞ்சினர்.

அயலவராக எஞ்சினரேயன்றி, ஒருவர் கதையை மற்றவர் கேட்டவராக எஞ்சவில்லை. அதன் விளைவை 2019 மார்ச் 3 ஆம் நாள் கண்டோம். மறுநாள் மகாசிவராத்திரி. திருக்கேதீச்சர வீதியின் முகப்பிலே, மாந்தை மாதா ஆலயத்துக்கு அண்மையில் அமைக்கப்பட்ட வளைவு கத்தோலிக்கர் சிலராற் பிடுங்கி வீழ்த்தப்பட்டது. அக்காட்சி ஒளிப்படமாக உலகெங்கும் பரவிற்று. வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. அச்செயல் கண்டிக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. கத்தோலிக்கர் பலரும் அதற்கு வருந்தினர். ஆனால் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. வளைவு என்பது ஒரு நுழைவாயில். அதனை அமைத்தவர்களுக்கு அது ஐந்நூறாண்டு இழப்பின்பின் மீண்டும் நிமிர்ந்த தலை. எதிரே நின்றவர்களுக்கோ அது தம் ஆலய முன்றிலில் எழுந்த பிறருடைய கொடி. ஒரே மரத்தூணை இரு கூட்டத்தாரும் தத்தம் வடுவின் வழியாகவே பார்த்தனர். சிறுவர்க்கு ஓவியரின் பெயர் செய்ததை, நம்மவர்க்கு ஒரு வளைவு செய்தது.

‘சமயம் பிரிக்கும், ஆயின் தமிழ் சேர்க்கும்’ என்பது இவ்விடத்து நம்மவர் கூறும் விடை. அதில் உண்மையுண்டு. சா. ஜே. வே. செல்வநாயகம் கிறித்தவர். 1949 இல் அவர் தமிழரசுக் கட்சியை நிறுவியபோதும் அதன் பின்னரும், சைவரே பெரும்பான்மையினராகிய வடபுலத்தார் அவர் சமயம் யாதென்று கேளாது ‘தந்தை’ என அழைத்தனர். மன்னார்க் கத்தோலிக்கர் ஆடிவந்த நாட்டுக்கூத்து ஏடுகளைத் தேடியெடுத்துப் பதிப்பித்து, பல்கலைக்கழக அரங்குக்கும் நாட்டுக்கூத்தைக் கொண்டுவந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். விவிலியக் கதையையும் ஐரோப்பிய அரசர் கதையையும் மாதோட்டத்து மெட்டிலே கேட்டுச் சைவரும் தலையசைத்தனர். மொழி ஒரு சுவரை இடித்தது என்பதற்கு இவை போதிய சான்று.

ஆயின் அம்மொழியே 1990 இல் என் செய்தது? அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில், தமிழீழ விடுதலைப் புலிகளின் ஆணையால், வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் சில நாள்களுள் தம் மண்ணை விட்டு அகற்றப்பட்டனர். அவர்களுட் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிலிருந்து, கையில் எடுத்துச்செல்ல விடப்பட்ட சில பைகளோடு, படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். அவர்கள் பேசிய மொழி தமிழ். குழந்தைகளுக்குப் பாடிய தாலாட்டு தமிழ். புத்தளத்து முகாம்களில் அழுத அழுகையும் தமிழே. சைவரையும் கத்தோலிக்கரையும் ஒன்றாக்கிய அதே உறவுணர்வு, முஸ்லிம்களுக்கு வெளியே நின்றுகொண்டு கதவைச் சாத்திற்று. அயலவர் பலர் கண்ணீர் விட்டனர். ஆயுதத்தின்முன் வாய்திறக்க அஞ்சினர் என்பதும் உண்மையே. ஆனால் ஆயுதங்கள் 2009 இல் ஓய்ந்த பின்னரும் நம் மேடைகளிலும் மலர்களிலும் அவ்வெளியேற்றம் பேசப்படுவது அரிதாகவே உள்ளது. 1984 டிசெம்பரில் மன்னார் வீதிகளிலே அரச படையினரால் நம்மவர் கொல்லப்பட்டதை நாம் மறவோம், மறத்தலும் ஆகாது. நமக்குச் செய்யப்பட்டதை நினைக்கும் நெஞ்சு, நம் பெயரால் செய்யப்பட்டதை மட்டும் மறக்குமாயின், அது நினைவு அன்று; வழக்கறிஞரின் வாதம்.

மொழியுறவு கதவைச் சாத்திய மற்றொரு கூட்டத்தாரும் உளர். அவர்கள் சைவர், தமிழர்; ஆயினும் நம்மவராகக் கருதப்படாதவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்து ஊர்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டு வழியாக மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்ற தோட்டத் தொழிலாளர் அவர்கள். வழியிலே கொள்ளைநோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவர்கள் எலும்பின்மேல் வழி சமைந்தது என்றால் மிகையன்று. 1911 ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலே ‘இலங்கைத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’ என இரு பெயர்கள் எழுதப்பட்டன. 1948 இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னார்த் துறைக்கு அவர்களைக் கொண்டுவந்த புகைவண்டிக்கு ‘அழுகைக் கோச்சி’ என்று அம்மக்கள் பெயரிட்டனர். பாட்டன் இறங்கிய அதே கரையிலே பேரன் கப்பலேறினான். வடபுலத்துத் தமிழ் வீடுகளில் அந்நாளில் அடுப்பெரியாமல் இருந்ததா என்று தம் நெஞ்சைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று. 2023 யூலை இறுதியில், அவர்கள் வருகையின் இருநூறாண்டு நினைவாக மலையகத்தாரும் பிறரும் தலைமன்னாரிலிருந்து நடக்கத் தொடங்கி, ஓகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். பழைய வழியைப் புதிய கால்கள் அளந்த அந்நடைப்பயணம், நம் நாட்டிலே அண்மைக் காலத்தில் நிகழ்ந்த நற்செயல்களுள் ஒன்று.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். இராமேசுவரத்தாரும் மன்னாரும் ஒரே மொழியினர்; பலர் ஒரே குடிவழியினர். 1974 இலும் 1976 இலும் இந்திய இலங்கை அரசுகள் கடலிலே எல்லை வகுத்தன. அக்கோட்டைக் கடந்து வரும் இழுவைப் படகுகள், பேசாலை, வங்காலை முதலிய கரையூர்களின் வலைகளை அறுத்துக் கடலடியையும் வாரிச் செல்கின்றன என்று மன்னார் மீனவர் ஆண்டாண்டாக முறையிடுகின்றனர். அடிக்கடல் இழுவைமுறையை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. அக்கரை மீனவனுக்கும் கடனும் பசியும் உண்டு. ‘தொப்புள்கொடி உறவு’ என்று மேடையில் முழங்குதல் எளிது; வலை அறுந்தவனிடம் அச்சொல்லைச் சொல்லிப் பார்த்தாலன்றோ அதன் வலிமை தெரியும்!

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்குங்கால் ஓர் உண்மை புலனாகின்றது. ஒவ்வோர் உறவும் ஒரு சுவரை இடிக்கின்றது. ஒரு சுவரை எழுப்புகின்றது. சமயம் சிங்களவனையும் தமிழனையும் மடுவிலே சேர்க்கின்றது. மாந்தையிலே தமிழனையும் தமிழனையும் பிரிக்கின்றது. மொழி சைவனையும் கத்தோலிக்கனையும் சேர்க்கின்றது. எருக்கலம்பிட்டியானை வெளியே விடுகின்றது. ஊர்ப்பற்று அயலாரைச் சேர்க்கின்றது. மலையகத்தானை ‘வந்தவன்’ என்கின்றது. ஆகவே, ‘இந்த ஓர் உறவு போதும், இதனால் எல்லாப் பிரிவும் தீரும்’ என்று கூறுவோர் எவராயினும் அவரை நம்புதல் கூடாது. ஒரே உறவினை உடையவன் அவ்வுறவின் அடிமையாவான். பல உறவுகளை உடையவனோ, ஓர் உறவு அவனைப் பகைக்கு இழுக்கும்பொழுது மற்றோர் உறவினாற் பற்றி நிறுத்தப்படுவான்.

தொழிலால் விளையும் உறவு இவ்வகையிற் சிறந்தது. மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பு அதற்குப் பெரியதோர் எடுத்துக்காட்டு. தூத்துக்குடிப் பரவரும், கீழக்கரை முஸ்லிம்களும், யாழ்ப்பாணத்தாரும், அராபியரும் அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரைகளிலே பருவந்தோறும் கூடினர். 1905 ஆம் ஆண்டுக் குளிப்பிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. சுறாவின் வாயைக் கட்டவல்லவர் என்று நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ இல்லாமற் குளிகாரர் கடலில் இறங்கார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் உயர் பதவி வகித்த எமர்சன் தெனன்ற், அக்காலத்துக் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர் என்றும், மந்திரத்தின் வலி அவர் சமயத்தைப் பொறுத்ததன்று என்றே யாவரும் கருதினர் என்றும் எழுதிவைத்துள்ளார். சுறாவின்முன் எல்லோர் காலும் ஒன்றே. கட்டுக்கரைக்குளத்து நீரும் அவ்வாறே. நீர் குறைந்த சிறுபோகத்திலே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவு செய்யக் கூட்டம் கூடுங்கால், சைவன் வயல், கத்தோலிக்கன் வயல், முஸ்லிம் வயல் என்று வாய்க்கால் பார்ப்பதில்லை. 1954 இல் அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்திலே முசாபர் ஷெரீப் என்னும் அறிஞர், இரு கூட்டமாகப் பிரிந்து சண்டையிட்ட சிறுவர் இருபத்திருவரை மீண்டும் நண்பராக்கிய வழிகளுள் ஒன்றும் இதுவே: பாசறைக்கு வரும் நீர்க்குழாய் அடைபட்டது; இரு கூட்டமும் சேர்ந்தாலன்றித் தாகம் தீராது என்னும் நிலை வந்தது.

இங்கே நின்றுவிடுதல் எளிது. ‘எல்லாரும் சேர்ந்து உழைப்போம், பழையதை மறப்போம்’ என்று முடித்துவிடலாம். ஆயின் மன்னார் அவ்வாறு முடிக்க விடாது. முத்துக்குளிப்பு முடிந்ததும் கூட்டம் கலைந்தது. சிப்பிகள் அற்றுப்போகவே கூடுதலும் அற்றுப்போயிற்று. 1990 க்கு முன்னும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குளத்து நீரைப் பகிர்ந்தனர். ஒரே சந்தையில் மீனும் நெல்லும் மாறினர். ஒருவர் வீட்டு மணவிருந்தில் மற்றவர் இருந்தனர். அவ்வளவு இருந்தும் வெளியேற்றம் சில நாள்களில் நிறைவேறியது. கூடியுழைத்தல் ஒருவர் கையை மற்றவர் அறியச் செய்கின்றது. நெஞ்சை அறியச் செய்வதில்லை. ஆதலால் அதனோடு இன்னொன்றும் வேண்டும். அது பிறருடைய வடுவை நம் பாடமாகக் கற்றலாகும்.

‘ஆறிய புண்ணைக் கிளறுதல் அறிவோ?’ என்று சிலர் வினவுவர். புண் ஆறியிருந்தாற் கிளறுதல் அறிவன்றுதான். ஆனால் ஒரு வளைவு எழுந்தவுடன் இரத்தம் கசிகின்றதாயின், அது ஆறிய புண் அன்று, மூடிய புண். மேலும், இப்புண்கள் இப்பொழுதும் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் கிளறப்பட்டே வருகின்றன. கோயிலிலே ஒரு கதை, தேவாலயத்திலே ஒரு கதை, பள்ளிவாசலிலே ஒரு கதை, மலையகத்து லயத்திலே ஒரு கதை. தனித்தனியே கேட்கும் கதை சினத்தை வளர்க்கின்றது. நான்கையும் சேர்த்துக் கேட்பவனுக்குச் சினம் கொள்ள நேரமிராது. தன் கூட்டமும் ஒருகால் அடித்தது, ஒருகால் அடிபட்டது என்னும் அறிவு வந்துவிடும். தம்மை அடிபட்டவராக மட்டும் அறிந்தவர்கள் பிறரை அடிக்கத் தயங்குவதில்லை என்பது உலகமெங்கும் கண்ட உண்மை.

இந்துக் கல்லூரி ஒன்றின் மலரில் இதனை எழுதுதல் பொருந்துமோ எனின், இங்கேதான் பொருந்தும். ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிசன் பள்ளிகளின் கையில் இருந்த காலத்திலே, சைவப் பிள்ளை தன் திருநீற்றை அழிக்காமற் கல்வி கற்க ஓரிடம் வேண்டும் என்று பெரியோர் எழுப்பியவை இந்துக் கல்லூரிகள். ‘நாங்கள்’ என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஒரு வீடு கிடைத்தது. அதற்கு நாணவேண்டுவதில்லை, நன்றியே உரியது. அவ்வழிக்கு முன்னோடியாகிய நாவலர் பெருமான் யார்? பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர். பிறர் சமயநூலை வரிவரியாகக் கற்ற பின்னரும், அல்ல, கற்றதனாலேயே, தம் சமயத்தில் அசையாது நின்றவர். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவரும் அவரே. பிறரை அறிதல் தன்னை இழத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று நமக்கு வேண்டா.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார்முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, ஆண்டுதோறும் மேல் வகுப்பு மாணவரை மன்னாருக்கு ஒரு நாட் பயணமாக அழைத்துச் செல்லுக. பாலாவியில் நீராடித் திருக்கேதீச்சரத்தில் வழிபட்டபின், அவர்களைத் தோட்டவெளிக்கும், எருக்கலம்பிட்டிக்கும், தலைமன்னார்த் துறைக்கும் கொண்டுசெல்லுக. ஒவ்வோரிடத்தும் அவ்விடத்துக் கதையை அவ்விடத்தாரே சொல்லக் கேட்பிக்குக. நம் ஆசிரியர் விளக்கம் கூறுதல் வேண்டா. இரண்டாவது, அடுத்து வரும் மலரிலே மன்னார்க் கத்தோலிக்கப் பள்ளி மாணவர் ஒருவரும், முஸ்லிம் பள்ளி மாணவர் ஒருவரும், மலையக மாணவர் ஒருவரும் எழுத இடம் ஒதுக்குக. அவர்கள் நம்மைப் புகழ்ந்து எழுதவேண்டும் என்னும் கட்டாயம் இல்லாதிருத்தல் நன்று. மூன்றாவது, ஓகஸ்ட் மாதத்து வெயிலிலே மடுத் திருநாளுக்குச் செல்லும் அடியார்க்கு நம் சங்கத்தார் தண்ணீர்ப்பந்தல் ஒன்று வைக்குக. தண்ணீர்ப்பந்தல் நம் மரபுக்குப் புதியதன்று. பந்தற்கால் நடும் இடம் மட்டுமே புதிது. நான்காவது, வளைவோ கொடியோ சுருவமோ எதனை எவர் நிறுத்த விரும்பினும், நிறுத்துமுன் அயலாலயத்தார் வீட்டுக்குச் சென்று ஒருவேளை தேநீர் அருந்திப் பேசுதலை வழக்கமாக்க இரு திறத்துப் பெரியோரையும் நாம் வேண்டிக்கொள்ளலாம். நீதிமன்றம் வளைவின் இடத்தைத் தீர்மானிக்கும்; அதன் கீழே நடப்போரின் முகத்தைத் தீர்மானிப்பவர் நாமே.

இவை சிறிய செயல்கள். இவற்றால் காணிச் சிக்கல்களோ கடற் சிக்கல்களோ தீர்ந்துவிடும் என்று கூறவில்லை. வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் முற்றாக மீள்வதற்கும், மலையக மக்கள் தாம் உழைத்த மண்ணில் வீட்டுநிலம் பெறுவதற்கும், மீனவர் வலை அறுபடாமற் கடல்மேற் செல்வதற்கும் அரசுகள் செய்யவேண்டியவை மிகப்பல. ஆனால், அரசு செய்யவேண்டியதை அதனிடம் வற்புறுத்திக் கேட்பதற்கும் ஒரு குரல் வேண்டும். முஸ்லிம்களின் காணிக்காகச் சைவனும், மலையகத்தானின் வீட்டுக்காக மன்னார்க் கத்தோலிக்கனும் பேசுங்காலத்திலேயே அக்குரலுக்கு வலிமை பிறக்கும். தன் வடுவுக்காகத் தானே அழுபவன் குரலை உலகம் பழகிவிட்டது.

மாணவர்களே, இக்கல்லூரி உங்களுக்கு ‘நாங்கள்’ என்னும் சொல்லைத் தந்துள்ளது. அதனைப் பெருமையோடு சொல்லுங்கள்; சட்டைப்பையில் அணியும் சின்னத்தைப் போலத் தூய்மையாகக் காத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் மொழி உங்களுக்கு இன்னொரு சொல்லையும் தந்திருக்கின்றது. பேச்சு வழக்கில் அது தேய்ந்து வருகின்றது. வளைவின் அப்புறம் நிற்பவனை நோக்கி, கற்பிட்டியிலிருந்து மீண்டு வந்தவனை நோக்கி, தலைமன்னாரிலிருந்து நடந்து செல்பவனை நோக்கி அச்சொல்லை வாய்திறந்து சொல்லிப் பழகுங்கள். அது பேசப்படுங்காலத்தில் இக்கல்லூரியின் விழா நம் விழாவாகும்.